கோழிக்கும் டானிக்கா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்டுக்காக என் மருமகள் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றினாள். ஒன்றின் கரு நல்ல ஆரஞ்சு நிறம். மற்றொன்று சோகை பிடித்தது போல் வெளிறியிருந்தது. "அத்தை, இது சத்தில்லாத முட்டை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்!" என்றாள். உங்கள் வீட்டிலும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும், இல்லையா?

பாவம், கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். கருவின் நிறம் கோழி தின்ற தீனியைப் பொறுத்தது. மஞ்சள் மக்காச்சோளமும் பச்சிலையும் தின்றால் மஞ்சள் ஏறும். நொய்யும் தவிடும் தின்றால் வெளுக்கும். சில பண்ணைகளில் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த சாயச் சத்தைத் தீனியில் கலந்து நிறம் ஏற்றுவதும் உண்டு. ஆகவே, நிறத்தை மட்டும் பார்த்துச் சத்தை எடைபோட முடியாது.

"பூவைக்கூடவா கலக்கிறார்கள்? இன்னும் என்னென்ன கலக்கிறார்களோ!" என்று பயந்துவிடாதீர்கள். கலப்பதில் இரண்டு ரகம். ஒன்று ஆகாரம், மற்றது மருந்து. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

முதலில் ஆகாரத்தைப் பார்ப்போம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அநேகமாகத் தினம் ஒரு முட்டை இடும் கோழிக்கு அது எங்கிருந்து வரும்? தீனியில் போதாவிட்டால், தன் எலும்பிலிருந்தே கரைத்துக் கொடுக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் "பால் குடி, கீரை சாப்பிடு" என்று நாம் சொல்வதில்லையா? அதே நியாயம்தான். அதனால்தான் கிளிஞ்சல் தூளும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்க்கிறார்கள். வெயில் படாமல் கூண்டில் வளரும் கோழிக்கு 'டி' வைட்டமினும் வேண்டும். தோட்டத்தில் மேயும் கோழி, மண்ணைக் கிளறிப் பலதையும் தேடிக்கொள்ளும். கூண்டுக் கோழி எங்கே போய்த் தேடும்? இந்த டானிக்கினால் நமக்குக் கெடுதல் இல்லை.

மருந்தின் கதை வேறு. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி, 'பி12' வைட்டமினை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்ததற்கு மேல் அவை மளமளவென்று வளர்ந்தன! வைட்டமின் மட்டுமல்ல, சக்கையில் தங்கியிருந்த மருந்தும் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்புறம் கேட்பானேன்? நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினமும் துளித் துளியாக மருந்து கொடுப்பது பல தேசங்களில் வழக்கமாகிவிட்டது.

ஆபத்து அந்தத் துளியில்தான். பலவீனமான கிருமிகள் செத்துப்போகும், தாக்குப்பிடித்தவை பெருகும். பிறகு அதே மருந்து நம் குழந்தைக்குத் தேவைப்படும்போது பலிக்காமல் போகலாம். மற்ற மருந்துகள் கைவிட்ட பின் டாக்டர்கள் எடுக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று கோலிஸ்டின். அதையும் தீனியில் கலந்தார்கள். அதற்கு அடங்காத குணம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015-ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். 2019-ல் நம் சர்க்கார், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் அவற்றின் தீனிக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. ஐரோப்பிய யூனியனிலோ, வளர்ச்சிக்காகக் கிருமிக்கொல்லிகளைத் தீனியில் கலப்பதையே 2006 முதல் நிறுத்திவிட்டார்கள். நோய் கண்ட கோழிக்குக் கால்நடை டாக்டர் சொல்லி வைத்தியம் செய்வது வேறு; அதில் தவறில்லை.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? கரு கெட்டியாகும்வரை முட்டையையும், நன்றாக வேகும்வரை கறியையும் சமையுங்கள். சூட்டில் கிருமி சாகும். பச்சைக்கறி நறுக்கிய கத்தி, பலகையால் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாதாரண ஜலதோஷத்துக்கெல்லாம் மருந்துக் கடையில் நீங்களாகவே கிருமிக்கொல்லி கேட்டு வாங்காதீர்கள். பண்ணைக்காரர் செய்த அதே தவறை நாம் வீட்டில் செய்யலாமா?

அந்த வெளிறிய முட்டை என்னவாயிற்று என்கிறீர்களா? அதை நான்தான் சாப்பிட்டேன். ருசிக்கு ஒரு குறையும் இல்லை!