சிறு செல் புற்றுநோயும் சர்க்காரின் கடமையும்

நுரையீரல் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ‘சிறு செல்’ வகையைச் சார்ந்தது. அதிவேகமாய்ப் பரவும் இவ்வியாதி, கண்டறியப்படும்போதே பெரும்பாலோருக்கு மார்பைக் கடந்து மூளை, ஈரல், எலும்பு முதலியவற்றை எட்டியிருக்கும். ஆகையால் ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று கைவிடுவோர் உளர். அது பெருந்தவறென்பதே நமது அபிப்பிராயம்.

சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு முதலிய மருந்துகளுக்கு இந்நோய் முதலில் நன்கு அடங்கும். பின்னர்ப் பெரும்பாலும் திரும்பிவிடும். நோய் பரவியவர்களுக்கு இவ்வகை மருந்துகளுடன் அட்டிசோலிசுமாப் சேர்த்துக் கொடுத்ததில், பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாயிற்றென 2018-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. மார்பளவில் நின்றவர்களுக்கோ, மருந்தும் கதிர்வீச்சும் முடிந்தபின் துர்வாலுமாப் அளித்ததில், அக்காலம் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்ததென 2024-இல் தெரியவந்தது. ஆதலின் இருமலில் இரத்தம் கண்டவர் ஒரு நாளும் தாமதித்தல் தகாது.

எனினும் மருந்தினும் மேலானது தடுப்பே. இந்நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் புகைபிடித்தவர்கள். புகையிலை வரியைக் கைநீட்டி வாங்கும் சர்க்கார், மருந்தின் விலையை நோயாளியின் தலையில் சுமத்துவது நியாயமாகுமா? அவ்வரியைக்கொண்டு இச்சிகிச்சையை ஏழைக்கும் எட்டச்செய்க! ஜனங்களும் பீடி, சிகரெட்டை இன்றே விட்டொழிப்பார்களாக!