இல்லறக் குறிப்புகள்: விழித்தெழாத கணிப்பொறி

சென்ற திங்கள், பத்து நாள் விடுப்பில் ஊர் சென்று திரும்பிய அன்று, எம் இல்லத்துக் கணிப்பொறி எழ மறுத்துவிட்டது. துவங்குவதற்குரிய சாதனம் ஏதும் இல்லை என்று கருந்திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி; அவ்வளவே. "ஹார்டு டிஸ்க் போயிற்று, ஃபார்மட் செய்துவிடலாம்" என்றார் பழுது பார்ப்பவர். அதனுள் இருந்தவையோ, எம் அன்னையார் மறைவதற்கு முன் ஊரில் எடுத்த படங்கள். வேறு பிரதி கிடையாது. ஆகவே பொறியை வீட்டிற்கே திரும்பக் கொணர்ந்தோம்.

நிற்க. வண்டி பழுதின்றி நின்றாலும், சிக்னல் கிடைக்காவிடில் நகராது என்பது ரயில்வேயில் பணிபுரியும் நாம் நாளும் காண்பது. கணிப்பொறியும் அத்தகையதே. விசையை அழுத்தியதும் பயாஸ் என்னும் நிரல் முதலில் விழித்து, எச்சாதனத்திலிருந்து துவங்குவது என வரிசைப்படி தேடுகிறது. அவ்வமைப்புப் பிசகினால், டிஸ்க் நலமாயிருப்பினும் "இல்லை" என்றே கூறிவிடும்.

முதற்கண், செருகியிருந்த பென் டிரைவை நீக்கினோம், பயனில்லை. மின்னிணைப்பை அறவே துண்டித்து, டிஸ்கின் சாட்டா கேபிளையும் மின் கேபிளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினோம். அப்போதும் அதே வரி. பிறகு, பொறியை இயக்கியவுடன் டிலீட் விசையைப் பன்முறை தட்டிப் பயாஸ் பக்கத்தைத் திறந்தோம். சில பொறிகளில் இதற்குரியது எஃப்2 விசை. அங்கே டிஸ்கின் பெயர் இருந்தது! தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. காரணம் விளங்கிற்று. சிஆர்2032 என்னும் 3 வோல்ட் வட்ட பேட்டரி வலுவிழந்திருந்தது. மின்சாரமும் இன்றிக் கிடந்த நாள்களில் அமைப்புகள் யாவும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டன. பழைய 'லெகசி' முறையில் அமைந்த டிஸ்கைப் பொறி 'யூஇஎஃப்ஐ' முறையில் தேடிற்று. புதிய பேட்டரி இட்டு, முறையை மாற்றிச் சேமித்தோம். பொறி எழுந்தது. படங்களை வெளி டிஸ்க் ஒன்றிற்குப் பிரதி செய்த பின்னரே அன்றிரவு உணவு கொண்டோம்.

ஓர் எச்சரிக்கை. டிஸ்கினுள் 'டக், டக்' என ஒலி கேட்குமாயின் மீண்டும் மீண்டும் இயக்காதீர்கள். தரவு மீட்பில் வல்லாரிடம் ஒப்படையுங்கள். ஃபார்மட் இறுதி மருந்தேயாகும். உள்ளிருப்பவற்றை மீட்க வழி தேடாமல் அதற்கு இசையாதீர்கள்.

பேட்டரியின் விலை அற்பம். படங்களுக்கோ விலையில்லை. இப்பக்கத்தைப் படித்து முடித்ததும், இன்றே ஒரு பிரதி எடுத்து வைப்பீர்களாக.