இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு, கணக்குக்கு வழி?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலைக்குச் சாலையும் பஸ்ஸும் வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. மலைப் பிள்ளைகள் பட்டப்படிப்பு வரை போய்ச் சேரும் பாதையையும் அரசு அதே அக்கறையோடு செப்பனிட வேண்டும்.

பாதை ஏற்கெனவே இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர் சங்கராபுரம் அரசு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய பழங்குடிக் குடும்பத்துக்கு இது நல்ல வழி. இடையில் வேலைக்கும் போகலாம், மேலே படிக்கவும் செய்யலாம்.

சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் புள்ளியியலும் எண்முறைக் கணக்கும் இருந்தன. நேரடியாக வந்தவர் இந்த இரண்டையும் படிக்கவில்லை. டிப்ளமோவிலோ கணக்குப் பாடம் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தின் பல பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டர் கணக்கே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில்தான் தொடங்கியது. அரியர் விழுந்தால் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்கிறோம். நடத்தாத பாடத்துக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010இல் இப்படி நடுவில் வந்து சேர்வோருக்கென்றே சட்டம் போட்டது. அங்கே சமுதாயக் கல்லூரியில் வரையறுத்த பாடங்களை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதை மாணவர் முதல் நாளே பார்த்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் அண்ணா பல்கலைக்கழகமும் உட்கார்ந்து பேசினால் இங்கும் அது முடியும். ஒவ்வொரு டிப்ளமோ பிரிவுக்கும் பி.இ.யில் எந்தப் பாடம் விடுபடுகிறது என்ற பட்டியல் வேண்டும். மேலே படிக்க விரும்புவோருக்கு டிப்ளமோ கடைசி ஆண்டிலேயே விடுபட்ட கணக்கை விருப்பப் பாடமாக நடத்த வேண்டும். அதற்கு ஆசிரியரும் வேண்டும்.

‘நான் முதல்வன்’ திட்டத்தில் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டுதல் இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அது பிளஸ் டூ மாணவர்களை மனதில் வைத்து வந்தது. டிப்ளமோ போகிறவர் பத்தாம் வகுப்போடு திசை மாறிவிடுகிறார். ஆகவே அடுத்த சேர்க்கைக்கு முன்பே அந்தப் பட்டியல் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கையில், பெற்றோருக்கும் புரியும் தமிழில் கிடைக்க வேண்டும்.