பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம்

முனிர்க்காக் கடையொன்றில் நேற்று இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருந்தேன். உடன் வந்த தோழி இதை மிகைச்சிந்தனை என்றாள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முகப்பில் கோதுமைக்கதிர், பின்புறத்துப் பொடியெழுத்துப் பட்டியலில் முதலில் நிற்பது மைதா. உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையில் தர வேண்டும் என்பது விதி. ஆக, இங்கே சொல்வரிசையே பொருளைத் தருகிறது. அதைப் படிக்கும் இலக்கணத்தை யாரும் நமக்குக் கற்பிப்பதில்லை. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளின்படி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகள் கட்டாயமல்ல. (பெயர்ப்பலகைகளின் மொழி குறித்து நாம் எழுதிக் குவிப்பதில் பாதியேனும் இதற்குச் செலவிடலாம்.) தயங்கி நிற்பதற்கே அவ்விரண்டில் ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். ஊரில், தமிழ் மட்டுமே வாசிக்கும் என் அம்மா தயங்குவதில்லை. கதிர்ப்படத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறார்.