நீதிக்கான பசியும் வேற்றுமை உருபும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நீதிக்காகப் பசிதாகம் கொள்வோரைப் பற்றிய மலைப்பிரசங்க வாக்கின் மேல் பிரசங்கம் அமைந்தது. நீதி என்பது உள்ளத்தின் பரிசுத்தம். அதற்காக ஏங்குங்கள் என்றார் போதகர். பிழையில்லை. ஆனால் அது பாதி என்று எனக்குத் தோன்றியது.

பசித்தல், தாகங்கொள்ளுதல் ஆகிய வினைகள் பண்டைய கிரேக்கத்தில் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையை ஏற்கும். அப்பத்தில் ஒரு பங்கு, நீரில் ஒரு மிடறு என்னும் பொருள்பட. மத்தேயு 5:6-இலோ ‘நீதி’ இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. ஆகவே இங்கு வேண்டப்படுவது துண்டு அன்று, முழு நீதி என உரைகாரர் சிலர் விளக்குவர். பிற்காலக் கிரேக்கத்தில் இந்த வரையறை நெகிழ்ந்துவிட்டதால், ஓர் உருபின் மேல் பிரசங்கத்தையே கட்டுவதற்கு நான் துணியேன். ஆயினும் அவ்விளக்கம் எழுப்பும் வினா மெய்யானது: நமக்கு எவ்வளவு நீதி வேண்டும்?

கிரேக்கத்தின் ‘திகாயோசுனே’ என்னும் ஒரே சொல்லை ஆங்கிலம் ‘ரைட்டியஸ்னஸ்’, ‘ஜஸ்டிஸ்’ என இரண்டாகப் பிரிக்கிறது. தமிழ் பிரிக்கவில்லை. நீதிமானும் நீதிமன்றமும் நமக்கு ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. மொழி ஒன்றாக வைத்ததை நம் பிரசங்கமே பிரிக்கிறது.

நான் குடியிருக்கும் ஸ்ரீவராகம் திருவனந்தபுரம் கோட்டையை ஒட்டியது. இந்நகரிலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1829-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் சமூகத்துக் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை அணியலாகாது. முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று வந்த அறிவிப்பு நாடார் பெண்கள் அனைவருக்கும் மார்பை மறைக்கும் உரிமையை அளித்தது. அப்போதும் மேல்சாதியார் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற தடை தொடர்ந்தது. அரசு கொடுத்தது ஆறாம் வேற்றுமை நீதி: ஒரு பங்கு, ஒரு மிடறு. அப்பெண்கள் பசித்திருந்ததோ முழுமைக்கு. அவர்களுள் பலர் வேதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெபத்தையும் தோள்சீலையையும் இருவேறு ஏக்கங்களாக அவர்கள் எண்ணியிருப்பார்கள் என்று என்னால் நம்ப இயலவில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கென்று ஒரு தனிக் குவளை புறவாசல் திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டாரும் ஜெபிக்கிறவர்களே. எட்டு மாதங்கள் அதைக் கண்டும் பேசாதிருந்தேன். வாடகை குறைவு, வீடு பல்கலைக்கழகத்துக்கு அருகில். அந்த மாதங்களில் என் ஜெபக் குறிப்பேட்டில் ‘பரிசுத்தம்’ என்ற சொல் பலமுறை வந்திருக்கிறது. குவளை ஒருமுறையும் வரவில்லை.

விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்படுகிறோம், சமூகச் செயலைப் புகுத்தினால் கிருபை குறைந்துபோகும் என்பர் சிலர். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பசி சம்பாத்தியம் அன்று. தமிழில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம், மலையாளத்திலும் அப்படியே. பசிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசி அவர் செய்யும் செயலன்று, அவருக்கு நேர்வது. அதில் பெருமை பாராட்ட ஏதுமில்லை. ஆயினும் மெய்யாகப் பசித்தவர் எழுந்து அடுக்களைக்குப் போகாமல் இருப்பதில்லை. எழுப்பாத பசியைப் பசி என்று எந்த மொழியும் அழைக்காது.

நேற்று மாலை அக்காவிடம், “உள்ளே வந்து என்னோடு காபி குடியுங்கள்” என்றேன். என் குவளைகளுள் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாசற்படியில் நின்று, வீட்டுக்காரம்மாவின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம் மோளே” என்றார். ஒரு கோப்பைக் காபியால் நான் நீதிமானாகிவிட முடியாது என்பதை அந்தப் பார்வை சொல்லிற்று. இவ்வார இறுதியில் வீட்டுக்காரம்மாவிடம் பேச வேண்டும். வீடு போகலாம். ஆனாலும் பேச வேண்டும்.