வைரலானால் நியாயம் கிடைத்துவிடுமா?

கெடாவில் இன்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், சுங்கை பட்டாணியில் எந்தத் தாமானில் கேட்டாலும், கஷ்டத்தில் இருப்பவருக்கு ஒரே யோசனைதான் கிடைக்கிறது. சம்பளம் பாக்கியா? லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களா? பிள்ளைக்கு ஐசி இல்லையா? "வீடியோ எடுத்துப் போடுங்கண்ணே, வைரலாச்சுன்னா தானா வந்து செஞ்சு குடுப்பாங்க." படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். பொதுவாழ்வில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். ஏழைக்குக் கடைசியில் ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது என்று மனதார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பொய்யானது என்பதோடு, நம் மக்களுக்குக் கேடும் செய்கிறது.

அப்படிப்பட்ட காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் துருப்பிடித்த தகரக் கூரை. அடுத்து அடுப்பங்கரை, அரிசி டின்னின் மூடியைத் திறந்து அடியைக் காட்டுகிறார்கள். பாட்டி தன் ஐசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எண்ணும் பெயரும் பளிச்சென்று தெரிகின்றன. பின்னால் பள்ளிச் சீருடையில் பேத்தி. கீழே வங்கிக் கணக்கு எண். "அழாதீங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே, படம் எடுப்பவர் கேமராவை அந்த அழுகைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோகிறார்.

இரண்டே நாளில் அரிசி மூட்டை வருகிறது. கொடுப்பவர்களும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டியின் பிரச்சினை அரிசி இல்லையே. பால்மரத்தடியில் ஆயுளைக் கழித்தவரை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள், அதுதான் பிரச்சினை. அது அப்படியே இருக்கிறது. அந்தப் பேத்தி மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சக பிள்ளைகளின் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதை யாரும் நினைக்கவில்லை. காணொளியிலிருந்து ஐசி எண்ணைக் குறித்துக்கொள்ளும் மோசடிக்காரனைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை. அடுத்த வாரம் வேறொரு காணொளி, பாட்டியை மறந்தாயிற்று.

தனி மனிதர் விவகாரம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்துவில் இருந்த 11ஆம் எண் சண்டியை எடுத்துக்கொள்வோம். 1930களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் ஆய்வு செய்த கோயில் தலம் அது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தச் சின்னம் வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் பரவியபோது, நம் முகநூல் பக்கங்கள் கொதித்தன. கடாரம், ராஜேந்திர சோழன் என்று பதிவுக்கு மேல் பதிவு. ஆனால் செய்தி வெளியே வருவதற்கு முன்பே இயந்திரம் தன் வேலையை முடித்திருந்தது. அந்த இடம் பாரம்பரியத் தலமாக அரசிதழில் பதிவாகவில்லை. நிலமோ தனியார் கையில் இருந்தது. அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அரசிதழில் ஓர் அறிவிப்பு. டத்தோ வி. நடராஜன் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய நூலை அதற்கு முன்பே வெளியிட்டிருந்தார். கொதித்த நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருந்தோம்? எத்தனை சங்கங்கள் பதிவு கேட்டு மனு கொடுத்திருந்தன?

இதே கெடாவில் நம் முன்னோர் வேறு விதமாகப் போராடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் வட்டாரத்தின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் இயக்கம் பரவியது. ஆள் போய் ஆளைப் பார்த்துப் பேசித்தான் அவ்வளவும் நடந்தது. 1947இல் பீடோங்கிலும் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் போலீசோடு மோதல் மூண்டது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனது. இயக்கம் ஒடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லாருக்கும் ஒருவரையொருவர் தெரியும். நேற்று மறியலில் நின்றவர் இன்று கூட்டத்துக்கு வந்தார். நமக்காகக் கோபப்பட்டு 'ஷேர்' செய்யும் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட நாளைக்குத் தொழிலாளர் இலாகா வாசலுக்கு நம்மோடு வரப்போவதில்லை.

"டிக்டாக் கலைஞர் ஈஷாவுக்காக எழுந்த குரல்தானே சட்டத்தையே மாற்றியது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் இணையப் பகடிவதைக்கு ஆளாகி அந்தப் பெண் இறந்தார். முந்திய நாள்தான் போலீசில் புகார் கொடுத்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதித்த அபராதம் வெறும் 100 வெள்ளி. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. கொதிப்பு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதை மசோதாவாக்கி, வாக்கெடுப்புவரை கொண்டுபோகச் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணை வதைத்ததும் இதே ஊடகம்தான் என்பதை மறந்துவிட்டு அதன் புகழ் பாட எனக்கு மனம் வரவில்லை.

கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாலா திசைக்கும் சிதறிப்போன குடும்பங்களுக்குச் சாவுச் செய்தியும் திருவிழாத் தேதியும் புலனக் குழு வழியாகத்தான் போய்ச் சேர்கின்றன. அது பெரிய உதவி. அந்தக் குழுவிலேயே சம்பளச் சீட்டுகளைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கலாம். பத்துப் பேராகக் கிளம்ப நாள் குறிக்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்கீழ், சம்பள பாக்கியைத் தொழிலாளர் இலாகா விசாரித்து உத்தரவு போட முடியும். அதற்கு வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, அடுத்த முறை ஒரு பாட்டி உங்களிடம் அழுதால் கேமராவை எடுக்காதீர்கள். அவருடைய தாள்களை ஒரு கோப்பில் போட்டு, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இலாகாவுக்குப் போங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் போங்கள்.