ரிப்போர்ட்டில் வைரஸ் தெரியவில்லை... ஆனாலும் எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

“ரிப்போர்ட்ல வைரஸே தெரியலைன்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை?” ஏ.ஆர்.டி. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி இது. பதில், சாக வேண்டிய நேரத்தில் சாகாத சில செல்களிடம் இருக்கிறது.

செல் ஏன் தானாகச் சாக வேண்டும்?

வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால் தன்னையே அழித்துக்கொள்வது செல்லின் தற்காப்பு. செல்லே போய்விட்டால் வைரஸ் எங்கே நகல் எடுக்கும்? எச்.ஐ.வி. புகுந்து பெருகும் சிடி4 செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன.

தப்பிப்பவை எவை?

பழைய கிருமிகளை நினைவில் வைத்து, பல ஆண்டுகள் வாழும் ‘நினைவு’ செல்களில் சில தப்பிக்கின்றன. வைரஸ் தன் மரபணுவை இவற்றின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டு, சத்தமில்லாமல் படுத்துக்கொள்கிறது. ஏ.ஆர்.டி. மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். ஒளிந்திருக்கும் செல்லைக் கொல்லாது.

இந்தச் செல்களுக்கு ‘பிசிஎல்-2’ என்ற புரதமும் துணை. சாகச் சொல்லும் சிக்னலை மைட்டோகாண்ட்ரியாவிலேயே மறித்துவிடும் புரதம் அது. மேக்ரோபேஜ் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்லில், சாவைத் தடுக்கும் ஏற்பாட்டை வைரஸே தூண்டிவிடுவதையும் ஆய்வக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒளிந்திருக்கும் சிடி4 செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே, சிகிச்சையில் இருந்தாலும், சுமார் 44 மாதங்கள் ஆகும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

பூட்டை உடைக்க முடியுமா?

ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘வெனெட்டோகிளாக்ஸ்’ மருந்து, பிசிஎல்-2 புரதத்தை முடக்குகிறது. மனித நோய் எதிர்ப்பு செல்கள் பொருத்தப்பட்ட எலிகளில் மெல்போர்ன் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தனர். ஏ.ஆர்.டி.யை நிறுத்திய பிறகு வைரஸ் திரும்பி வருவது சுமார் 2 வாரம் தள்ளிப்போனதாக 2023-ல் அறிவித்தனர். தள்ளிப்போனதுதான், ஒழியவில்லை. சிக்கலும் உண்டு: ஆரோக்கியமான வெள்ளை அணுக்களும் உயிர்வாழ இதே புரதத்தை நம்பியிருக்கின்றன. மருந்து அவற்றையும் குறைத்துவிடும்.

அப்போ இப்போதைக்கு என்ன வழி?

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். தவறாமல் சாப்பிட்டு, வைரஸைக் கண்டறிய முடியாத அளவிலேயே வைத்திருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. ரிப்போர்ட் நன்றாக வருவது மாத்திரை வேலை செய்வதால்தான். அதை விடுவதற்கான காரணம் அல்ல.